கேமராவுக்கு ஐஸ் வைத்தேன்!

போன வருஷம் விஜயதசமியன்று மத்தியானம் எங்கள் வீட்டு இட்லித் தட்டில் 31 ஸ்க்ரூக்கள் கிடந்தன. குழிக்கு நாலைந்து வீதம், கழற்றிய வரிசைப்படி. பக்கத்தில் பழைய பேப்பர் மேல், தோல் உரித்த கோழி மாதிரி என் கேமரா.

"இனிமே அந்தத் தட்டுல நான் மாவு ஊத்த மாட்டேன்" என்றாள் மனைவி. பிறகு கேமராவைப் பார்த்தாள். "அது பொழைக்குமா?" என்றாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கேட்கிற அதே குரல்.

முதல் நாள் ஆயுத பூஜை. ஸ்க்ரூ டிரைவர், ஸோல்டரிங் அயர்ன், கேமரா எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, பொரிகடலை வைத்துக் கும்பிட்டாயிற்று. பூஜையில் வைத்ததை அன்றைக்கே எடுக்கக் கூடாதாம். அதனால் ஒரு நாள் ஆயுள் நீட்டிப்பு.

அந்தக் கேமரா ஏதோ சும்மா கிடந்த சாமான் இல்லை. எங்கள் பெண் பிறந்த வருஷம் தீபாவளி போனஸில் வாங்கியது. அவள் குப்புறக் கவிழ்ந்தது, தவழ்ந்தது, குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டு அழுதது எல்லாம் அதற்குள்தான் போய் வந்தன. அப்புறம் செல்போன் வந்தது, கேமரா பரணுக்குப் போயிற்று. வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு மட்டும் கீழே இறங்கும். கடைசி வரிசையிலிருந்து மேடையை எட்டிப் பிடிக்கச் செல்போனுக்குக் கை நீளம் போதாது.

"ஆண்டு விழாவுக்குள்ள சரி பண்ணிடுவீங்கல்ல?"

"கண்டிப்பா" என்றேன். பி.காம். படித்தவன் பின் தேதியிட்டுக் கொடுத்த செக் அது.

*

கேமராவை ஏன் அறுத்தேன்?

என்னிடம் 6 அங்குல டெலஸ்கோப் ஒன்று இருக்கிறது. செகண்ட் ஹேண்ட். கல்யாணத்தன்று பட்டப்பகலில் அருந்ததி பார்த்ததோடு வானத்துடன் உறவை முறித்துக்கொண்டவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர். நானும் அந்த ரகம்தான், அந்தக் குழாயில் முதன்முதலாகச் சனிக்கிரகத்தைப் பார்க்கும்வரை. சனி பிடித்தது. விடவில்லை.

பார்த்தால் போதாதா, படம் வேறு எடுக்க வேண்டுமா என்றால், விஷயம் இதுதான். நம் கண்ணுக்கு வெளிச்சத்தைச் சேமித்து வைக்கத் தெரியாது. அன்றாடங்காய்ச்சி, வந்ததை அப்போதே செலவழித்துவிடும். கேமரா சீட்டுக் கட்டுகிற ஜாதி. நிமிஷக்கணக்கில் சேர்த்துவைத்து மொத்தமாகக் கொடுக்கும். இதை நிரூபித்தவர் ஹென்றி டிரேப்பர் என்ற அமெரிக்க டாக்டர். 1880 செப்டம்பர் 30-ம் தேதி ராத்திரி, ஓரியன் நெபுலாவை 51 நிமிஷம் கேமராவைத் திறந்துவைத்துப் பிடித்தார். ஒரு நெபுலா படத்தில் விழுந்தது அதுதான் முதல் தடவை.

எனக்கு ஆசை அதன் பக்கத்து வீட்டுக்காரர் மேல். ஓரியனின் இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரம் இருக்கிறதே, அதில் கிழக்குக் கோடியில் இருப்பதன் அருகே குதிரைத் தலை நெபுலா. செக்கச் செவேலென்ற திரைக்கு முன்னால் செஸ் போர்டு குதிரை மாதிரி ஒரு கறுப்புத் தூசி மண்டலம். சுமார் 1,400 ஒளி ஆண்டு தூரம். இதை முதலில் கண்டுபிடித்தவர் வில்லியமினா ஃப்ளெமிங் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணி. ஹார்வர்ட் வானாய்வுக்கூடத்தின் தலைவர் வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்து, பிறகு அந்த ஆய்வுக்கூடத்திலேயே கண்ணாடித் தகட்டுப் படங்களை ஆராயும் உத்தியோகத்துக்கு உயர்ந்தவர். 1888-ல் ஒரு தகட்டில் இதைக் கண்டு எழுதிவைத்தார். அப்புறம் வெளியான வானியல் பட்டியலில் அந்தப் பெருமை மேலதிகாரி பெயரில் போயிற்று. ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சிவப்புத் திரை ஹைட்ரஜன் வாயு. அதன் எலெக்ட்ரான் மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு இறங்கும்போது 656.3 நானோமீட்டரில் ஒரு சிவப்பு வெளிச்சத்தைப் போட்டுவிட்டு இறங்கும். நெபுலாக்காரர்களுக்குச் சம்பளமே அந்தச் சிவப்பில்தான். ஆனால் கடையில் விற்கிற சாதாரணக் கேமராவில் சென்ஸாருக்கு முன்னால் ஒரு நீலப்பச்சைக் கண்ணாடி வில்லை உட்கார்ந்திருக்கிறது. மனிதக் கண்ணுக்கு அந்த அடர்சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கேமராவுக்கு மட்டும் தெரிந்தால் எல்லார் முகமும் சிவந்துபோகும். அதனால் அதில் முக்கால்வாசியைக் கேட்டிலேயே மறித்து அனுப்பிவிடும். அந்த வாட்ச்மேனை வேலையை விட்டுத் தூக்குவதுதான் ஆபரேஷன்.

கேமராக் கம்பெனிகளே இந்த மாதிரி மாற்றிய மாடல்களை விற்றிருக்கின்றன. கேனான் 2005-ல் 20டிஏ, 2012-ல் 60டிஏ. நிக்கான் 2015-ல் டி810ஏ. விலையைப் பார்த்தால் எலெக்ட்ரான் மாதிரி நாமும் ஒரு மாடி இறங்கிவிடுவோம். எனவே இட்லித் தட்டு.

செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேமராவுக்குள் ஃப்ளாஷுக்கென்று ஒரு கபாஸிட்டர் இருக்கிறது. பாட்டரியைக் கழற்றின பிறகும் அதற்குள் ஏறத்தாழ 300 வோல்ட் கமுக்கமாக உட்கார்ந்திருக்கும். எனக்கு அது முன்னாலேயே தெரியும். தெரிந்தும் விரலை வைத்தேன். "ஐயோ" என்று நான் கத்தியதற்கு எதிர் ஃப்ளாட்காரர் கதவைத் தட்டினார். பாட்டரியை எடுத்துவிட்டு ஒரு நாளாவது சும்மா விட்டு, அப்புறமும் அந்த மூலையைத் தொடாமல் வேலை செய்யுங்கள். அல்லது தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு எல்லாவற்றையும் திரும்ப மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். உயிர் வந்தது. தட்டில் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. யாரும் பார்ப்பதற்குள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

*

ஆண்டு விழா டிசம்பரில் வந்தது.

பெண்ணுக்குக் குறத்தி டான்ஸ். பச்சைப் பாவாடை, மஞ்சள் தாவணி. வாட்ச்மேன் இல்லாத கேமராவில் எல்லாம் சிவக்கும் என்பது எனக்குத் தெரியும். அதற்கு வழியும் தெரியும். எந்த வெளிச்சத்தில் எடுக்கப்போகிறோமோ அதே வெளிச்சத்தில் ஒரு வெள்ளைப் பேப்பரைப் படம் எடுத்து, "இதுதானப்பா வெள்ளை" என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒயிட் பேலன்ஸ் என்று பேர். வீட்டு ஹாலில் டியூப்லைட்டில் சொல்லிக்கொடுத்து, சரிபார்த்து, நிம்மதியாகப் போனேன்.

மேடையில் இருந்தது டியூப்லைட் இல்லை. கலர் கலராகச் சுழலும் விளக்குகள். போதாக்குறைக்கு, உள்ளே ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டதால் ஃபோகஸ் விழும் இடமும் ஒரு இம்மி நகர்ந்துபோயிருக்கிறது. கேமரா தன் கணக்குப்படி "சரி" என்று பீப் அடித்தது. நானும் நம்பி 60 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், செங்கல் சூளையில் யாரோ கலங்கலாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கம்ப்யூட்டரில் சிவப்பைக் குறைத்துப் பார்த்தேன். கலர் கொஞ்சம் தேறியது. கலங்கல் போகவில்லை. பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நான் எது?" என்றாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூன்றாம் வகுப்புக் குறத்தி டான்ஸை மறுபடி ஆடச் சொல்ல முடியாது. அதற்கு 'டார்க் ஃப்ரேம்' கிடையாது, 'ரீடேக்' கிடையாது. (ஆர்.ஏ.டபிள்யூ. என்கிற கச்சா ஃபைலாக எடுத்திருந்தால் கலரையாவது முழுசாக மீட்டிருக்கலாம். ஜேபெக்கில் எடுத்தேன். மெமரி கார்டில் இடம் மிச்சம் பிடிக்கிற புத்தி.)

அன்றைக்கு ராத்திரி தீர்மானித்தேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்று. குதிரையைப் பிடிக்காமல் விட்டால் இரட்டை நஷ்டம்.

*

அடுத்த எதிரி சூடு.

கேமராவை மூன்று நிமிஷம் திறந்துவைத்தால், மூடி போட்ட இருட்டில்கூடப் படத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ விழும். வெளிச்சம் இல்லை, சென்ஸாரின் சொந்தச் சூட்டில் தானாகக் கிளம்பும் எலெக்ட்ரான்கள். இந்த இருட்டு மின்னோட்டம் சுமாராக 6 டிகிரி செல்ஸியஸ் ஏறினால் இரட்டிப்பாகிறது. கூட்டு வட்டி! ஆனால் கடன்காரனுக்கு நல்ல செய்தியும் இதே கணக்கில் இருக்கிறது. 6 டிகிரி குறைத்தால் பாதி, 12 குறைத்தால் கால், 18 குறைத்தால் அரைக்கால்.

குளிர வைப்பது புதிய யோசனையும் இல்லை. ஃபிலிம் காலத்திலேயே அமெச்சூர்கள் ஃபிலிமுக்குப் பின்னால் டிரை ஐஸ் வைத்துப் படம் எடுத்தார்கள். பெரிய வானாய்வுக்கூடங்களில் திரவ நைட்ரஜன். 2021-ல் கிளம்பிய ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப்பில் ஒரு கருவியை மைனஸ் 266 டிகிரிக்கும் கீழே வைத்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம்.

எங்கள் தெரு ஃப்ரிஜ் மெக்கானிக்கிடம் ஆலோசனை கேட்டேன். பீடியை அணைத்துவிட்டு உபதேசம் செய்தார்.

"சார், ஃப்ரிஜ்ஜுன்னா குளிர் உண்டாக்குற மெஷின்னு நெனைக்கிறீங்க. இல்ல. உள்ள இருக்கற சூட்டைத் தூக்கி வெளிய போடுற மெஷின். நீங்க வெளிய போடுற எடத்தை மொதல்ல பாருங்க."

பி.எஸ்ஸி. ஃபிஸிக்ஸில் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தருவார்களா தெரியவில்லை. நான் வாங்கியது பெல்டியர் தகடு. 1834-ல் பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த சமாசாரம். ஆசாமி கடிகாரக்காரராக இருந்து விஞ்ஞானி ஆனவர். கரண்ட் கொடுத்தால் தகட்டின் ஒரு முகம் ஜில்லிடும், மறு முகம் கொதிக்கும். ரிச்சி தெருவில் 4 சென்டிமீட்டர் சதுரத் தகடு, 12 வோல்ட், முந்நூறு ரூபாய்க்குள். சூடான முகத்தில் பழைய கம்ப்யூட்டரின் அலுமினிய ஹீட் ஸிங்க்கையும் ஃபேனையும் பொருத்தினேன். அதைச் செய்யாமல் ஸ்விட்சைப் போட்டால், வெளியே போக வழியில்லாத சூடு இந்தப் பக்கமே திரும்பி வந்து, குளிர்சாதனம் அடுப்பாகிவிடும். குளிர்ந்த முகத்திலிருந்து ஒரு செப்புத் தகடு கேமராவுக்குள் போய்ச் சென்ஸாரின் முதுகைத் தொட்டுக்கொண்டு நிற்கும். சுற்றிலும் தெர்மோகோல் பெட்டி.

மார்கழி மாதம், மொட்டை மாடி. காற்று 22 டிகிரி. வழக்கமாகத் தொடர்ந்து படம் எடுத்தால் சென்ஸார் 32 காட்டும். ஸ்விட்சைப் போட்டு அரை மணியில் 15-க்கு இறங்கியது. துள்ளிக் குதித்தேன். அடுத்த படத்தில் எல்லா நட்சத்திரத்தைச் சுற்றியும் ஒளிவட்டம். அதற்கடுத்த படத்தில் நட்சத்திரமே இல்லை. தெய்வமாகிப் பிறகு மறைந்துவிட்டார்கள்.

ஸ்விட்சை அணைத்துக் கேமராவைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். சென்ஸார் மேல் பொடிப்பொடியாக வேர்வை. கடல் ஓரத்து ஊர். 85 சதவீத ஈரப்பதம். அந்தக் காற்றில் 19 டிகிரிக்குக் கீழே எதைக் கொண்டுபோனாலும் தண்ணீர் கோத்துக்கொள்ளும். பந்தியில் ஐஸ் வாட்டர் டம்ளருக்கு வெளியே நிற்கிறதே, அதேதான். கரண்ட் ஓடுகிற சர்க்யூட்டுக்குள் நின்றது என்பது மட்டும்தான் வித்தியாசம். போனஸ், மொட்டை, குறத்தி எல்லாம் சேர்ந்து கண்ணில் நின்றன.

காலையில் மெக்கானிக்கிடம் ஓடினேன். சிரித்தார். "குளுரு வந்தா பின்னாடியே தண்ணி வரும் சார். ஃப்ரிஜ்ஜுக்கு அடில ட்ரே எதுக்கு வெச்சிருக்கான்? உங்க பொட்டில காத்தே மாறக் கூடாது. உள்ள இருக்கற காத்து காஞ்சு கிடக்கணும்."

இரண்டு நாள் கேமராவை அரிசி டப்பா பக்கமே கொண்டுபோகாமல் (மாவுத் தூசி உள்ளே போகும்), ஃபேன் காற்றில் உலர்த்தினேன். பிழைத்தது. பிறகு பெட்டியின் ஒவ்வொரு இடுக்கையும் ரப்பர் பட்டையும் சிலிக்கோன் பசையும் கொண்டு அடைத்தேன். தெரிந்த செருப்புக் கடையில் சொல்லிவைத்து, ஷூ பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை ஒரு பை நிறைய வாங்கி உள்ளே அடுக்கினேன். "படத்துக்கும் செருப்புக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்டார் கடைக்காரர். ஆண்டு விழாப் படத்தைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

*

பேலன்ஸ் என்றால் எனக்குத் தெரிந்தது டிரயல் பேலன்ஸ்தான். டெபிட்டும் கிரெடிட்டும் ஒத்துப்போக வேண்டும். ஒரு பைசா இடித்தாலும் ராத்திரி வீட்டுக்குப் போக முடியாது. டெலஸ்கோப்புக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

பூமி 23 மணி 56 நிமிஷம் 4 விநாடிக்கு ஒருமுறை சுற்றுகிறது. டெலஸ்கோப்பை அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் ஒரு சின்ன மோட்டார் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் நட்சத்திரம் புள்ளியாக இராது, கோடாக இழுபடும். அந்த மோட்டாருக்குச் சிட்டுக்குருவி பலம். ஆறேழு கிலோ குழாயைத் தூக்க முடியாது. சமநிலையில் நிற்பதை மெள்ள நகர்த்தத்தான் முடியும். அதனால் குழாய் ஒரு பக்கம், இரும்பு எடைக்கல் மறுபக்கம். காவடி.

முதலில் எடைக்கல் தண்டைத் தரைக்குப் படுக்கையாக வைத்து, பூட்டைத் தளர்த்தி, கையை எடுத்தும் அப்படியே நிற்கும்வரை எடைக்கல்லை நகர்த்த வேண்டும். பிறகு குழாயைப் படுக்கையாக வைத்து முன்னும் பின்னும் தள்ளி அதே சோதனை. மாட்டு வண்டிக்காரர் முன்பாரம் பின்பாரம் பார்ப்பது மாதிரி. மாட்ட வேண்டியதை எல்லாம் மாட்டி, ஃபோகஸும் செய்த பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். பாதியில் ஒரு ஒயரைச் சேர்த்தாலும் கணக்கு உதைக்கும்.

இங்கேதான் குளிரும் பேலன்ஸும் சண்டைக்கு நின்றன. என் வகை டெலஸ்கோப்பில் கேமரா வால்பக்கம் இல்லை. வாய்ப்பக்கம், விலாவில் துருத்திக்கொண்டு நிற்கும். வெறும் கேமரா அரைக் கிலோ. பெட்டி, ஹீட் ஸிங்க், ஃபேன் சேர்ந்து ஒன்றரைக் கிலோ ஆயிற்று. குழாயை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தப் பெட்டி வேறு திசையில் இழுத்தது. ஃபோகஸ் குழலே எடை தாங்காமல் தொங்கிற்று. இந்தப் பக்கம் கேமரா என்றால் நேர் எதிர் விலாவில் இன்னொரு எடை கட்டு என்று யோசனை வந்தது. கட்டினேன். மளிகைக் கடை அரைக்கிலோ படிக்கல், சைக்கிள் டியூபால் இறுக்கி.

அடுத்தது ஃபேனின் அதிர்வு. கையில் தொட்டால் தெரியாது. நட்சத்திரம் முட்டை வடிவமானால் தெரியும். ஃபேனுக்கும் உலோகத்துக்கும் நடுவே ரப்பர் வாஷர் கொடுத்தேன். பாட்டரி ஒயர் தொங்கி இழுப்பதைத் தவிர்க்க அதைத் தண்டோடு சேர்த்துக் கட்டினேன்.

எல்லாம் கச்சிதமாக டேலி ஆனது. அப்படியும் நட்சத்திரம் ஆடியது!

பல வருஷம் இதில் பழம் தின்ற ஒரு பெரியவரிடம் போனில் கேட்டேன். "சரியா பேலன்ஸ் பண்ணிட்டீங்களா? அதான் தப்பு" என்றார். பல்சக்கரங்களுக்கு நடுவே எப்போதும் மயிரிழை இடைவெளி இருக்கும். எடை துல்லியமாகச் சமமானால், சக்கரம் அந்த இடைவெளிக்குள் இப்படியும் அப்படியும் சாயும். கிழக்குப் பக்கம் ஒரு துளி கனம் கூட வைத்தால், மோட்டார் எப்போதும் சுமையைத் தூக்கிக்கொண்டே போகும். பல்லோடு பல் ஒட்டியே இருக்கும். எடைக்கல்லை அரை விரற்கடை நகர்த்தினேன். ஆட்டம் நின்றது. வேண்டுமென்றே கணக்கில் ஒரு துளி இடிக்க வைப்பது! என் பழைய ஆடிட்டர் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

*

இந்த வருஷம் தை அமாவாசை. ஊரே ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் போக, நான் நண்பரின் காரில் ஜவ்வாது மலைக்குப் போனேன். அந்த மலையில்தான் காவலூர் வானாய்வுக்கூடம் இருக்கிறது. 1986-லிருந்து அங்கே 2.34 மீட்டர் டெலஸ்கோப் ஒன்று வேலை செய்கிறது. நாங்கள் அங்கே போகவில்லை. வேறொரு பக்கத்தில் தெரிந்தவரின் நிலம். வரகு அறுத்த வயல். அவருடைய அரிசிமூட்டைத் தராசை விட என் காவடி சிக்கலாக இருப்பதாக அபிப்பிராயப்பட்டார்.

துருவ நட்சத்திரம் அங்கே தரையிலிருந்து 12 டிகிரிதான். ஒரு புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. முக்காலியை மூன்று தரம் இடம் மாற்றினோம். ஆபீஸ் ஃபைல் அட்டையில் பிளேடால் கீறிய பாட்டினோவ் மூடியைக் குழாய் வாயில் மாட்டி ஃபோகஸ் செய்தேன். 2005-ல் பாவெல் பாட்டினோவ் என்ற ரஷ்யர் யோசித்தது. நட்சத்திரத்தில் மூன்று கீற்று விழும், நடுக்கீற்று மற்ற இரண்டுக்கும் நட்டநடுவே வந்தால் ஃபோகஸ் சரி. கேமராவின் பீப்பை நான் நம்பி ஒரு மாசம் ஆகிறது.

ஒன்பது மணிக்கு ஓரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு வந்தது. உச்சியைத் தாண்டட்டும் என்று காத்திருந்தோம். தாண்டும்போது குழாயை மறுபக்கம் புரட்டிப் போட்டு எல்லா பேலன்ஸையும் மறுபடி பார்க்க வேண்டும். ஒன்பதரைக்கு ஆரம்பம். காற்று 15 டிகிரி. கார் பாட்டரியிலிருந்து கரண்ட். ஒரேயடியாகக் குளிர வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். குளிர்சாதனம் இல்லாமல் 25 காட்டியிருக்கும் சென்ஸார் 7-ல் வந்து நின்றது. 18 டிகிரி; அரைக்கால்.

மூன்று நிமிஷப் படம், ஐ.எஸ்.ஓ. 800, மொத்தம் 40. ஒவ்வொரு படத்துக்கும் நடுவே ஒளிவட்டம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. நண்பர் காருக்குள் குறட்டை. முடிவில் மூடியைப் போட்டு, அதே குளிரில், அதே மூன்று நிமிஷத்தில் 20 இருட்டுப் படம். நெஜப் படத்திலிருந்து இவற்றைக் கழித்தால் சென்ஸாரின் நிரந்தரப் புள்ளிகள் போய்விடும். கணக்கு தெரிந்தவனுக்குக் கழித்தல் சந்தோஷம்.

வீட்டில் மறுநாள் நாற்பதையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். நாற்பதைச் சேர்த்தால் இரைச்சல் ஆறில் ஒன்றாகக் குறையும். திரையை நீட்டி இழுத்து வெளிச்சம் கூட்டக் கூட்ட, முதலில் சிவப்புத் திரை வந்தது. அப்புறம் அதன் நடுவில் ஒரு கறுப்புக் கழுத்து. பிறகு மூஞ்சி.

பெண் பின்னால் வந்து நின்றிருந்தாள். "குதிரை!" என்றாள், நான் சொல்வதற்கு முன்பே. மனைவியும் வந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது மட்டும் தெளிவா விழுந்திருக்கு" என்றாள்.

வரும் ஆண்டு விழாவுக்கு மூன்றாவது வரிசையில் இடம் பிடித்து, மேடை வெளிச்சத்திலேயே வெள்ளைப் பேப்பர் காட்டி, ஃபோகஸைக் கையால் திருகி எடுப்பதாக எழுத்து மூலம் உறுதி கொடுத்திருக்கிறேன். ரிகர்ஸலுக்கும் போகப்போகிறேன்.

படத்தை பிரிண்ட் போட்டு ஃப்ரிஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம். போன வாரம் கேஸ் நிரப்ப வந்த மெக்கானிக் அதன்முன் நின்று, கண்ணைச் சுருக்கி, இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"நல்லாருக்கு சார்" என்றார். "உள்ள தண்ணி நிக்கலியே?"